டிரம் சிந்தசைசர் மலையேறி வரும்வரை

ஒரு டிரம் சிந்தசைசருக்கு முன்பணம் கட்டி 11 மாதம் ஆகிவிட்டது. அதைச் செய்வது ஐரோப்பாவில் மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னப் பட்டறை. வருடத்துக்கு இரண்டு முறைதான் ஒரு தொகுதி செய்வார்கள். ஒவ்வொரு பெட்டியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் சுருதி சேர்த்து, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் அனுப்புவார்கள். போன வாரம் அவர்களிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. உங்கள் பெட்டியின் சோதனை முடிந்தது, பத்து நாளில் கூரியரில் ஏற்றுகிறோம் என்று. அந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

வரப்போவது ஒரு அனலாக் டிரம் சிந்தசைசர், அதாவது மின்சுற்றாலேயே டிரம் சத்தத்தை உருவாக்கும் பெட்டி. ஆறு குரல் (ஆறு தனிச் சத்தங்கள்), ஆறுக்கும் தனித்தனி அவுட்புட், தனித்தனி ஸ்டெப் நீளம் (எத்தனை தட்டுக்கு ஒருமுறை சுற்று திரும்பும் என்ற கணக்கு). பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவது இந்த வகைப் பெட்டி எதற்குக் காத்திருப்பவருக்கும் பொருந்தும். பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே இந்த 11 மாதத்தில் நிறையக் கற்றுக்கொண்டேன், சிலதைப் பணத்தை இழந்து கற்றேன். எழுதி வைத்தால் இன்னொருவருக்கு அந்தப் பணமாவது மிச்சமாகும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். கோத்தகிரியில் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோயில் பண்டிகை, இரங்கல் கூட்டம், எதுவானாலும் ஆம்ப்ளிஃபையரும் ஹார்னும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். நான் 14 வருடமாக மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் வாசிக்கிறேன். கூடலூரிலிருந்து காரமடை வரை மேடை ஏறியிருக்கிறேன். ரோலண்ட் ஆக்டோபேட், எட்டு ரப்பர் தட்டு, இரண்டு குச்சி. தமிழ்நாட்டில் மேடைக் கச்சேரி பார்த்த எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தபேலா, டோலக், தவில், பேஸ் டிரம், கைத்தட்டு எல்லாம் அதற்குள் பதிவாகி இருக்கும், தட்டினால் பதிவு ஓடும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டில் பல வருடம் சோறு போட்ட கருவி அது.

ஆனால் ஒரு மார்கழி இரவு மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோத்தகிரிக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஊரில் பண்டிகை. எங்கள் கச்சேரிக்கு முன்னால் பறைக் குழு. எட்டு மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கி மேடை விளக்கே மங்கலாகத் தெரிந்தது. அந்த ஈரத்தில் தோல் நிற்காது, பத்து நிமிடத்தில் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். அவர்கள் யூகலிப்டஸ் சருகைக் குவித்துக் கொளுத்தி, பறையை அதன் மேல் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, மறுபடி சுண்டிக்கொண்டிருந்தார்கள். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் தபட்க் என்ற தங்கள் தோல் பறையை நெருப்பருகே காய்ச்சி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன், அதே பொறுமைதான். குழுவில் மூத்தவர் ஒருவர் கடைசியாக ஒரு சுண்டு சுண்டிவிட்டு, “ம், இப்பப் பேசுது” என்றார். அடுத்த அடி எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் நான் மேடை ஏறிப் பேடைத் தட்டினேன். போன மாதம் காரமடை வெயிலில் வாசித்த அதே தவில். குளிர் தெரியவில்லை, ஈரம் தெரியவில்லை, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் மட்டும்தான் கூடுகிறது, குரல் மாறவில்லை. வாசிக்க வாசிக்க எனக்கு ஏதோ குறைந்தது. பதிவை ஓடவிடுகிற கருவியோடு, அடிக்கும்போதே சத்தம் பிறக்கிற ஒன்றும் என் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை அன்றுதான் வந்தது.

அனலாக் டிரம் சிந்தசைசரில் அதுதான் நடக்கிறது. உள்ளே எந்தப் பதிவும் கிடையாது. ரோலண்ட் 1980இல் வெளியிட்ட டிஆர்-808ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேஸ் டிரம் என்பது ஒரு சின்ன மின்சுற்று. அதற்கு ஒரு மின்துடிப்பு கொடுத்தால் தட்டிய வெண்கலக் கிண்ணம் போல ஒலித்துத் தானாக அடங்கும். எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டின் சத்தத்துக்கு, ஒன்றோடொன்று சேராத ஆறு சுருதிகளில் ஆறு சதுர அலைகளைக் கலந்து, அடிப்பகுதியை வடிகட்டி எறிந்திருக்கிறார்கள், அந்த உலோகச் சத்தம் அதிலிருந்து வருகிறது. இரைச்சலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சத்தம் அதிகம், வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டார்கள். 1983இல் உற்பத்தி நின்றபோது சுமார் 12,000 பெட்டிகள்தான் வெளியே போயிருந்தன. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று அன்றைக்குப் பலரும் ஒதுக்கிய பெட்டி அது. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் 1982இலேயே அதை வைத்து ராகங்களுக்குத் தாளம் ஓட்டிவிட்டார். அந்தப் பதிவை முதல் தடவை கேட்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை இங்கே எழுதி முடியாது.

ஆசை வந்த உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். நகரத்தில் ஒரு இடைத்தரகர், வெளிநாட்டுக் கருவிகளை வரவழைத்துத் தருகிறேன் என்றார், பாதிப் பணம் கட்டினேன். ரசீது என்று எதுவும் வாங்கவில்லை, வாட்ஸ்அப் செய்திதான். நான்கு மாதம் “அடுத்த வாரம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் போனை எடுக்கவில்லை. பொதுவான நண்பர் ஒருவர் நேரில் போய்ப் பேசித்தான் பணம் திரும்பியது, அதுவும் முழுசாக இல்லை. அதனால் சொல்கிறேன். செய்பவரிடமே நேராகக் கேளுங்கள். சின்னப் பட்டறைக்காரர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார்கள், பெரும்பாலும் சாலிடர் வைக்கிற ஆள்தான் பதிலும் எழுதுவார். முன்பணம் எவ்வளவு, மீதியை எப்போது கட்ட வேண்டும், இடையில் வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்குமா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் தாமதம் என்று நான் ஒருமுறை கேட்டேன். ஒரு ஐசி சிப் கிடைக்கவில்லை, கிடைத்தது சோதனையில் தேறவில்லை என்று படம் எடுத்தே அனுப்பினார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு காத்திருப்பது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

அந்த நான்கு மாத அலைச்சலில் ஒரு நன்மையும் நடந்தது. கோயம்புத்தூரில் ஒரு நண்பன் மோக் நிறுவனத்தின் டிஃபாம் என்ற டிரம் சிந்தசைசர் வைத்திருக்கிறான், 2018இல் வந்தது. “பத்து நாள் வெச்சுக்கோடா, அப்புறம் முடிவு பண்ணு” என்று கையில் கொடுத்து அனுப்பினான். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே மேட்டுப்பாளையம் வளைவுகளைக் கடந்து வந்தேன். அலையை உருவாக்கும் இரண்டு ஆசிலேட்டர், ஒரு இரைச்சல், சத்தத்தை வடிகட்டும் ஒரு ஃபில்டர், அடிகளை வரிசையாகத் தானே ஓட்டும் எட்டு ஸ்டெப் சீக்வென்சர், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் சுருதிக்கு ஒரு குமிழ், அழுத்தத்துக்கு ஒரு குமிழ். முதல் ஆசிலேட்டரால் இரண்டாவதை ஆட்டிவிட்டால் மணி, தாம்பாளம், தகரக் கூரையில் கல் விழுகிற சத்தம் எல்லாம் வரும். சுருதி வேகமாக இறங்கும்படி வைத்தால் பேஸ் டிரம். மெதுவாக இறங்கினால் வேறு ஏதோ, பெயர் இல்லாத ஒன்று.

மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு உடுக்கை ஞாபகம் வந்தது. உடுக்கையில் வலது கை விரல் அடிக்கும், இடது கை இடுப்புக் கயிற்றை இறுக்கி விடும். இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். இந்தப் பெட்டியில் சுருதி இறக்கத்துக்கு ஒரு குமிழ் வைத்திருக்கிறார்களே, அது அந்தக் கயிறுதான்! அடிப்பது சீக்வென்சரின் வேலை, கயிற்றைப் பிடிப்பது என் வேலை என்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த ஒரு குமிழை மட்டும் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். “யாரு, உடுக்கையா?” என்றார். இல்லப்பா, மிஷின் என்றேன். உள்ளே வந்து அந்தக் குமிழைத் தானும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

பத்து நாளில் அதன் எல்லையும் தெரிந்தது. எட்டு ஸ்டெப் ஆதி தாளத்துக்கு வசதி, மிஸ்ர சாப்புக்கு ஏழு வேண்டும். கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி இணைப்பு கிடையாது, என் பேடிலிருந்து நேராகத் தட்ட முடியாது. அருமையான கருவி, ஆனால் மேடையில் எனக்கு வேண்டியது வேறு என்று தெளிவாகிவிட்டது. இரவல் வாங்கிப் பார்த்திராவிட்டால் வேகத்தில் அதையே வாங்கியிருப்பேன். இப்போது வரப்போகும் பெட்டியை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டே காரணம். ஒவ்வொரு குரலுக்கும் வேறு வேறு ஸ்டெப் நீளம் வைக்கலாம், மிடி இன் இருக்கிறது. என் ஆக்டோபேடின் மிடி அவுட்டிலிருந்து ஒரு கேபிள் போட்டால் குச்சியால் அடித்தே சிந்தசைசரை ஒலிக்க வைக்கலாம்.

ஆர்டர் போட்ட பிறகு, காத்திருக்கும் மாதங்களுக்கு விசிவி ரேக் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டுக்கொண்டேன். மாடுலர் சிந்தசைசரைத் திரையில் கட்டி, கம்பி இழுத்து, சத்தம் கேட்கலாம். இதை எல்லாருக்கும் சொல்வேன். வாரத்துக்கு ஒரு சத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆயத்த மாட்யூல் எதுவும் போடாமல் ஆசிலேட்டர், இரைச்சல், என்வலப் (சத்தம் எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிப்பது), ஃபில்டர் இந்த நான்கை மட்டும் வைத்துக் கட்டுங்கள். பேஸ் டிரம் என்றால் ஒரு சைன் அலை, 150 ஹெர்ட்ஸில் ஆரம்பித்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் 50க்கு இறங்க வேண்டும். கைத்தட்டு என்றால் இரைச்சலை மூன்று நான்கு தடவை படபடவென வெட்டிவிட்டுக் கடைசியில் ஒரு வால் விட வேண்டும், பல பேர் ஒரே நேரத்தில் தட்ட முடியாது இல்லையா, அந்தச் சின்ன முன்பின்தான் அந்த வெட்டுகள். பறைதான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இரண்டு குச்சி, இரண்டு விதச் சத்தம். மெல்லிய நீளக் குச்சிக்கு ஃபில்டரில் அடியை வெட்டிய இரைச்சல், மிகச் சின்னதாக. தடித்த குட்டைக் குச்சிக்குக் கீழ் சுருதியில் ஒரு குட்டி அலை, மேலே ஒரு கிளிக். இரண்டையும் ஒரே குரலில் போட்டால் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு குரலாகப் பிரித்ததும் உயிர் வந்தது.

மிருதங்கத்துக்கு முயன்றபோது வேறொரு கதவு திறந்தது. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுருதிக்கு மேலே வரும் அடுத்த ஒலி 1.59 மடங்கில் இருக்கும், அதற்கடுத்தது 2.14, இப்படி ஒட்டாமல் போகும். அதனால்தான் பல டிரம்களில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. நம் மிருதங்கத்தில் வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவே கருப்பாக ஒரு சாந்து பூசியிருக்கிறதே, அந்தக் கனம் இந்த மேல் ஒலிகளை இழுத்து 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் இதைப் பற்றித்தான் எழுதினார். பள்ளியில் படித்தபோது எனக்கு அவர் என்றால் ஒளி மட்டும்தான். சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? இரண்டு ஆசிலேட்டர் உள்ள குரலில், இரண்டாவதை முதலாவதைப் போல 1.59 மடங்கில் வைத்துப் பாருங்கள், டாம் டிரம் பக்கம் போகும். சரியாக 2 மடங்கில் வையுங்கள், சட்டென்று சத்தம் “பாட” ஆரம்பிக்கும், மிருதங்கச் சாயல் வந்துவிடும். இடையில் 1.59இலிருந்து 2 வரை மெதுவாகத் திருகினால், சாந்து பூசாத தோல் மெல்ல மெல்லச் சாந்து பூசிய தோலாக மாறுவதைக் காதால் கேட்கலாம். எந்தப் பேடிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

இந்தக் கருவி எத்தனை விதமாக உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் திருகலைத்தான் முதலில் லேப்டாப்பில் போட்டுக் காட்டுகிறேன். டிரம் சிந்த் என்றாலே டிஸ்கோ, டெக்னோ என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அடங்கும் நேரத்தைக் கூட்டினால் பேஸ் டிரம்மே பேஸ் கிதாராகிவிடும், அப்போது அதற்குச் சுருதி சேர்த்தாக வேண்டும். பாடுபவரின் சுருதி 1 கட்டை (C) என்றால் 65 ஹெர்ட்ஸில் வைக்கிறேன், 5 கட்டை (G) என்றால் 98இல். ஆறு பேர் பாடும் கச்சேரியில் ஒவ்வொருவருக்கும் டிரம்மின் சுருதியை மாற்ற முடிகிற வாய்ப்பு இதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

தாளத்தில்தான் என் ஆர்வம் எல்லாவற்றையும் விட அதிகம். பெட்டிகள் பெரும்பாலும் 16 ஸ்டெப் வைத்து வரும். ஆதி தாளம் சதுஸ்ர நடையில் (எட்டு அடி, அடிக்கு நான்கு) 32 மாத்திரை, ஆக 16 ஸ்டெப் இரண்டு சுற்று, பிரச்சினை இல்லை. ஒரு குரலுக்கு 7, இன்னொன்றுக்கு 8 என்று நீளம் வைத்துவிட்டால் 56 ஸ்டெப்புக்கு ஒருமுறைதான் இரண்டும் சமத்தில், அதாவது சுற்றின் தொடக்க அடியில், வந்து சேரும். நிமிடத்துக்கு 120 வேகத்தில், அடிக்கு நான்கு ஸ்டெப் என்று ஓடினால் அது 7 நொடி. கூடவே ஒரு குரலுக்கு 5 வைத்தால் 280 ஸ்டெப், 35 நொடி. அந்த 35 நொடியும் கோர்வை போலக் காது சமத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், வந்து விழும்போது உடம்பே சிலிர்க்கும். குன்னூர் மலை ரயிலின் நீராவி எஞ்சினில் ஒரு ஜோடி சிலிண்டர் தண்டவாளத்துச் சக்கரத்தையும் இன்னொரு ஜோடி பற்சக்கரத்தையும் ஓட்டும் என்று அப்பா சின்ன வயதில் சொல்லித் தந்திருக்கிறார். ஒரே வண்டிக்குள் இரண்டு ஓட்டம் என்பது எனக்கு அப்போதிருந்தே பிடித்த விஷயம். ஒரு எச்சரிக்கை: எல்லாக் குரலுக்கும் வேறு வேறு நீளம் வைக்காதீர்கள். ஒரு குரலாவது ஆடாமல் 8இல் நிற்க வேண்டும், எனக்கு அது கைத்தட்டு. இல்லையென்றால் பாடுபவர் வந்து நிற்க இடமிருக்காது. லேப்டாப்பை வைத்து நடத்திய ஒத்திகையில் ஒரு பாடகி பாட்டை நிறுத்திவிட்டு, “அண்ணா, ஒண்ணாவது எங்க வருதுன்னே தெரியலையே” என்று கேட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

மேடையில் எப்படிக் கேட்கும் என்பதை மைக் செட் வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறேன். ஹெட்ஃபோனில் 45 ஹெர்ட்ஸ் பேஸ் டிரம் நெஞ்சை அதிரவைக்கும். ஊர்ப் பண்டிகையில் கட்டுகிற சின்ன பாக்ஸில் அது வெறும் காற்றுதான். பழைய ஹார்னில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவுமே வராது. அதனால் வெளியூர் கச்சேரிக்கு நான் தயார் செய்து வைத்திருக்கும் பேஸ் டிரம்மின் சுருதி 80க்கு மேலே இருக்கும். அதோடு கொஞ்சம் டிரைவ் ஏற்றி அலையை முரடாக்குகிறேன், அப்போது மேல் மடங்கு ஒலிகள் பிறக்கும், அவற்றைக் கேட்டுக் காது தானாகவே அடிச் சுருதியை நிரப்பிக்கொள்ளும். தனித்தனி அவுட்புட் ஏன் வேண்டும் என்பதும் இங்கேதான் தெரியும். எல்லாம் ஒரே ஸ்டீரியோவில் வந்தால், மிக்ஸரில் நிற்பவர் பேஸ் டிரம்மைத் தூக்கும்போது ஹை-ஹேட்டும் சேர்ந்து ஏறும். ஆறு அவுட்புட் இருந்தால் ஆறு கேபிளும் வேண்டும், மிக்ஸரில் ஆறு இடமும் வேண்டும். அந்தச் செலவையும் பெட்டியின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

செலவு என்றதும் சுங்கம். எலக்ட்ரிக் இசைக்கருவிகள் 9207 என்ற சுங்கத் தலைப்பில் வரும். அந்த எண்ணை விலைப்பட்டியலில் எழுதச் சொல்லி அனுப்புநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன், இல்லையென்றால் வேறு ஏதோ மின்சாதனம் என்று நினைத்து இழுத்தடிக்கலாம். பொருளின் விலை, கூரியர் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகை மேல் வரி போடுவார்கள், அதன் மேல் ஜிஎஸ்டி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், அனுப்பும் மாதத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. நான் விலையில் பாதியளவு தனியாக எடுத்து வைத்துவிட்டேன், மிச்சமானால் கேபிளுக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், செய்யவில்லை. வழியில் பெட்டி உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் வரும், மேலும் அது பொய். கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும், ஆதாரோ பானோ, அதில் இருக்கும் பெயரும் பார்சலில் இருக்கும் பெயரும் ஒரே மாதிரி இருக்கட்டும். முதலெழுத்து மாறியதற்காகவே ஒரு கேபிள் பார்சல் எனக்கு இரண்டு வாரம் நின்றிருக்கிறது.

மலையில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று கரண்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போகும், வரும்போது எகிறி வரும். ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ இல்லாமல் இந்த மாதிரிக் கருவியைச் செருகவே கூடாது. எர்த் சரியில்லை என்றால் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் எல்லா அவுட்புட்டிலும் ஏறும். எங்கள் பழைய வீட்டில் எர்த் கம்பி சுவிட்ச் போர்டு வரைதான் இருந்தது, மண்ணுக்குப் போகவே இல்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம். இந்த 11 மாதத்தில் செய்த செலவிலேயே பிரயோஜனமான செலவு அதுதான், பழைய ஆம்ப்ளிஃபையரின் ஹம்மும் அன்றே நின்றது.

இரண்டாவது ஈரம். ஆடி மாதச் சாரலில் ஒரு மிக்ஸரை அலமாரிக்குள் பூட்டி வைத்து, மூன்று மாதம் கழித்துத் திறந்தேன். ஃபேடர் தள்ளினால் சரசரவென்று மணல் தேய்க்கிற சத்தம், உள்ளே பூஞ்சை. தவறு என்னுடையதுதான், மூடி வைத்தால் பத்திரம் என்று நினைத்தேன். மூடிய அலமாரியில்தான் ஈரம் தங்கும். இப்போது சிலிக்கா ஜெல் பைகளைப் பக்கத்தில் வைத்து, மாதம் ஒருமுறை காய வைத்து எடுக்கிறேன். வாரம் இரண்டு தடவையாவது கருவியை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும், அதன் சூடே ஈரத்தை விரட்டும். குமிழ்களைச் சும்மாவாவது முழுக்க ஒருமுறை திருகிவிட வேண்டும். ஜன்னலோரம் வேண்டாம், மேகம் நேராக உள்ளே வரும். கூரியர் பெட்டி வந்த உடனே பிரித்துச் செருகவும் கூடாது. குளிரில் வந்த பொருளைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி டம்ளர் மாதிரி உள்ளே வியர்க்கும். பெட்டி மூடியபடியே சில மணி நேரம் அறையில் கிடக்கட்டும்.

செருகிய பிறகும் பொறுக்க வேண்டும். அனலாக் ஆசிலேட்டரில் சுருதியைத் தீர்மானிக்கும் டிரான்சிஸ்டரின் போக்கு, வெப்பம் 1 டிகிரி மாறினால் சுமார் 0.33 சதவீதம் மாறும். அதைச் சரிக்கட்ட உள்ளேயே வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் ரெசிஸ்டர் வைப்பார்கள், ஆனாலும் பெட்டி முழுக்க ஒரே சூட்டுக்கு வரும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். டிஃபாம் இங்கே இருந்த பத்து நாளும் காலையில் சேர்த்த சுருதி அரை மணி நேரத்தில் வேறாகிவிட்டது. முதல் நாள் கருவி பழுதோ என்று பயந்து நண்பனுக்குப் போன் போட்டேன். அப்புறம் புரிந்தது, நான் தொட வேண்டிய நேரமே அது இல்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு, அதற்கப்புறம் சுருதி சேர்த்தால் நின்றது. மேடையிலும் இதே கணக்குதான். ஒலி சோதனைக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. “சரி, பறையை அனலில் காட்டுற மாதிரி” என்றார். மார்கழி இரவைப் பற்றி நான் அவரிடம் ஒருபோதும் பேசியதில்லை.

மேசையை உள்சுவர் பக்கம் மாற்றியாகிவிட்டது. ஆக்டோபேடின் எட்டுத் தட்டில் ஆறு எந்த நோட்டை அனுப்ப வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், மீதி இரண்டில் பழைய தவில் பதிவும் டோலக்கும் அப்படியே இருக்கும். முதல் சத்தமாக என்ன போடுவது என்று முடிவாகிவிட்டது, 1 கட்டையில் ஒரு நீளமான அடி, அதன் மேலே அந்த உடுக்கை. இரண்டு நாளாக விடாத மழை. கோத்தகிரி–மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்ததால் வண்டிகள் குன்னூர் வழியாகச் சுற்றி வருகின்றன. அப்பா தன் பழைய ஆம்ப்ளிஃபையரை இறக்கித் துடைத்து, மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மணிக்குக் கூரியர் வரும் என்று இன்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்.